மாறி ஏற வேண்டிய இடம்

ஒரு கன்னத்தை முடித்துவிட்டு அவள் ரேசரைக் கிண்ணத்தில் அலசினாள். அப்பா மற்ற கன்னத்தைத் தானே திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவு தூரம்னு சொன்ன?"

"நாலாயிரம் கிலோமீட்டர். அஞ்சு மணி நேரம்."

"என் பஸ்சுல நாலு நாள். அதுவும் டீக்கு நிறுத்தாம ஓட்டினா."

"நடுவுல கடல் இருக்குப்பா."

"அப்போ நிறுத்தவும் முடியாது."

முப்பது வருஷம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். காலையில் வந்த மருத்துவர், இன்றைக்குள் முடிந்துவிடலாம் என்று அவளிடம் கூடத்தில் வைத்துத் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேச்சுக் கேட்கும் காது.

"பையன் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்," என்றார் உள்ளேயிருந்து. "எனக்கு நேரத்த மட்டும் சொல்லுங்க."

அண்ணன் விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்ததும், அவள் இரண்டு ஊர்களின் பெயரையும் போனில் தட்டினாள். தூரம், பறக்கும் நேரம், நடுவே ஒரு நேர்கோடு. அதைத்தான் சொல்லியிருந்தாள்.

ஐந்து மணி நேரத்துக்கு ஏற்றபடி அப்பா தன்னை வைத்துக்கொண்டார். தூங்கவில்லை. பழச்சாறு இரண்டு கரண்டி குடித்தார். வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்றார்.

சொன்ன நேரத்துக்கு முன்பே போன் ஒலித்தது. 'இறங்கிட்டேன்.' அவள் அம்மாவைக் கூப்பிடுவதற்குள் அடுத்ததும் வந்தது. 'இங்கேருந்து அடுத்த விமானம் சாயங்காலம்தான். அப்பா எப்படி இருக்கார்?'

அவன் இறங்கியது பாதி வழியில். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேராகப் பறக்கும் விமானமே இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை.

கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது.

"என்ன, மாறி ஏறணுமா?" என்றார் அப்பா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ஸ தவற விட்டவங்க மூஞ்சி. எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"தப்பாச் சொல்லிட்டேன்ப்பா."

"நான் மட்டும் என்னவாம்? டயர் மாத்த ஒரு மணி நேரம் ஆகும். இதோ பத்து நிமிஷம்னுதான் சொல்லுவேன். உண்மையச் சொன்னா எவன் உக்காந்திருப்பான்?"

சிரித்தார். சிரிப்பு இருமலானது. அம்மா அவர் நெஞ்சைத் தடவினாள்.

"போதும், ஹாரன் அடிக்காதீங்க."

"அவனச் சாப்பிடச் சொல்லு," என்றார் மூச்சு வந்ததும். "மாறுற எடத்துல வயிறு நெறைய சாப்பிட்டுடணும். அடுத்து எங்க நிறுத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அனுப்பினாள். பதில் வந்தது. "சாப்பிடறானாம்ப்பா."

"அப்போ சரி."

சன்னல் வெயில் சுவரைவிட்டு இறங்கும்போதும் அம்மாவின் கை அவர் நெஞ்சின் மேலேயே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

மறுநாள் விடிந்த பிறகு அண்ணன் வந்தான். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து நின்றான். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்போ?"

"நீ அடுத்த விமானத்துக்குக் காத்துக்கிட்டிருந்தப்ப."

"சாப்பிட்டேன்," என்றான். "ரெண்டு தட்டு."

"சொன்னேன் அவர்கிட்ட."

அவன் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிரயாணத் தலையணை இன்னும் கழுத்தைச் சுற்றி இருந்தது. அம்மா அதைக் கழற்றக் கையை நீட்டினாள். பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.