சுஹைராவின் குசினியில் அடிக்கும் காற்று

கிண்ணியாப் பாலத்தடியில் இருக்கும் சுஹைராவின் குசினிக்குள் உலகத்துக் கடல்களின் காற்றெல்லாம் அடிக்கிறது. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி அசையாத மத்தியானங்களிலும் அவளுடைய சட்டிமூடிகள் பறக்கும். தம்பி அகீல் தோணியோடு திரும்பாமல் போன வருடம், காற்று எழும்புமுன் மீனவரின் போனுக்குத் தமிழில் எச்சரிக்கை சொல்லும் செயலி ஒன்றை எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். அன்று தொடங்கியது. யார் எந்த மொழிக்கு மாற்றி எந்தக் கடலில் அதைப் பாவித்தாலும், அந்தக் கடலின் காற்று அவள் குசினிக்குள் வந்துவிட்டுத்தான் போகும். முதலில் மூதூர்க் காற்று வந்தது, பிறகு மணிலாக் காற்று. நோர்வேக் காற்று வந்த அன்று சோற்றுப்பானையில் ஐஸ் கட்டியது.

தொடக்கத்தில் ஊர்பேர் தெரியாத பலர் கூடித் திருத்திக் கொடுத்தார்கள். போகப் போக, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களே மிஞ்சினார்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தன் பெயரை ஒட்டி அதை விற்றது. பிழை வந்தால் மட்டும் சுஹைராவுக்கு எழுதியது. விசாவுக்காகச் செய்கிறாள் என்றது ஊர். பேருக்காக என்றார்கள் சொந்தக்காரர். ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் தலைமுடி பறக்கக் குசினியில் நின்று, சம்பளமில்லாமல் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டார். "விட ஏலாமக் கிடக்கு, சேர்," என்றாள். அவர் 'மனநிறைவு' என்று எழுதிக்கொண்டு போனார். நல்லாய் நிறைந்தது மனம்!

கணவன் ரிஷாத்தும் கடலுக்குப் போகிறவன். சூடு ஆறாத சோற்றை அவன் அந்த வீட்டில் கண்டதில்லை. "ஊரான்ட காத்துக்கெல்லாம் கதவத் திறந்து வச்சிருக்காய். ஒண்டில் இத மூடு, இல்லாட்டி நான் போறன்," என்றான். "மூடினா நம்மட ஆக்களுக்கும் சொல்ல ஆளில்ல. உங்கட தோணிக்கும்தான்," என்றாள் அவள். அவன் தலாக் சொல்லிவிட்டு மூதூரில் வேறு நிக்காஹ் செய்தான். செயலியை மட்டும் போனிலிருந்து அழிக்கவில்லை. அவனுடைய காற்று பீடி மணத்தோடு பின்கதவால் வரத் தொடங்கியது.

போன மாரியில் வேறு யாரோ பெயரில் ஒரு முறைப்பாடு வந்தது. கூடவே பீடி நாற்றமும் வந்தது. எச்சரிக்கை பிந்தியதாம், தோணி கவிழப் பார்த்ததாம், தெரியாதவர்களுக்கு ஏன் இந்த வேலையாம். சுஹைரா வயிறெரிய அழுதாள். ஆனாலும் அகீலைப்போல இவனும் போகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். அடுத்த புயல் நாளில் மூதூரில் ஒரு தோணியும் இறங்கவில்லை. நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. அதே பெயரில் இன்னொரு முறைப்பாடுதான் வந்தது: எச்சரிக்கைச் சத்தத்துக்குப் பிள்ளை திடுக்கிட்டு எழும்புகிறதாம், குறைக்கட்டாம். சுஹைரா அதையும் குறைத்துவிட்டு, காற்று கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து அடுப்பை மூட்டினாள்.