கோபி கடிகாரம்

மூன்றாவது மெடலைக் குத்தும்போது ஊசி நிர்மலாவின் விரலில் ஏறிவிட்டது.

விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டாள். விசுப்பலகையில் அப்பா கோட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஐம்பது வருஷத்துக் கோட்டு. அப்பா சுருங்கிவிட்டதால் தோள்பட்டை இரண்டு பக்கமும் தொளதொளவென்று நின்றது.

"அது மூணாவது இல்லம்மா. நீலக் கோடு போட்டதுதான் முன்ன வரணும்," என்றார் பக்கத்தில் நின்ற சிராஜுதீன்.

"எனக்கு எப்படி மாமா தெரியும்? பெட்டியைத் தொடவே விட மாட்டாரே."

"குடு. நான் குத்துறேன். கப்ரால் கண்ணு முழிச்சுப் பாத்தாருன்னா உன்னை வுட்டுட்டு என்னைத்தான் திட்டுவாரு."

சிராஜுதீனுக்கு எண்பத்திரண்டு வயது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் கப்ராலாக இருந்த அப்பாவுக்குக் கீழே ஜெர்மனிப் பனியில் காவல் நின்றவர். வரும் அமாவாசை வந்தால் அப்பாவுக்குத் தொண்ணூறு. ஊரே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடும். பட்டாளத்துக்காரர் என்பதற்குக் குருசுக்குப்பத்தில் அந்த ஒரு வார்த்தைதான்.

மெடலைக் குத்தி முடித்த சிராஜுதீன் பிளாஸ்டிக் கவரிலிருந்து மூவர்ணக் கொடியை எடுத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு. விரித்து மார்புவரை போர்த்தினார். "தூக்கறதுக்கு முன்ன எடுத்துக்குவேம்மா. நம்ம பட்டாளத்துச் சங்கத்துல இது ஒண்ணுதான் இருக்குது. அடுத்தது எனக்கு வேணும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். பறை அடிப்பவர்கள் வைக்கோல் கொளுத்தித் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மகன் கலியமூர்த்தி மீசையை மழித்துக்கொண்டு, ஈர வேட்டியோடு உள்ளே வந்தான். மகன் கோபி பிரான்ஸில் இருப்பதால் இவன்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

"இன்னாக்கா, எடுத்துறலாமா? வடக்கால ஒரே இருட்டா வருது. மழை புடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது."

"கோபி பாக்கணும்டா. பதினொண்ணு அடிக்கட்டும்."

கலியமூர்த்தி சுவரை நிமிர்ந்து பார்த்தான். அங்கே இரண்டு கடிகாரங்கள். இடது பக்கம் பேட்டரியில் ஓடும் வட்டக் கடிகாரம். அதன் கீழே அப்பா கையெழுத்தில் ஒரு காகிதத் துண்டு: 'வீடு'. வலது பக்கம் அவர் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த பெண்டுலக் கடிகாரம். அதன் கீழே: 'கோபி'.

வீடு இரண்டே காலைக் காட்டியது. கோபி பத்தே முக்காலைக் காட்டியது.

பட்டாளத்தில் இருந்த காலத்தில் அப்பா கைக்கடிகாரத்தில் புதுச்சேரி நேரத்தைத்தான் வைத்திருப்பாராம். 'இப்ப நிர்மலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள், கோபி பால் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான்' என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார். அவர் திரும்பி வந்து, அம்மா கையால் பதினைந்து வருஷம் சாப்பிட்ட பிறகு கோபி பிரான்ஸுக்குக் கிளம்பினான். அவன் விமானம் ஏறிய அன்றைக்கே இந்தக் கடிகாரம் பரணிலிருந்து சுவருக்கு வந்தது. சாவி கொடுப்பது, துடைப்பது, முள்ளைச் சரி செய்வது எல்லாம் அவர்தான். வேறு கை பட்டால் வீடு இரண்டாகும்.

நேற்றுக் காலை அந்தக் கடிகாரங்களுக்குக் கீழே, பிரம்பு நாற்காலியில், காபிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

கோபி ரயில் ஓட்டுகிறவன். நேற்று போனில் அழுது முடித்துவிட்டுச் சொன்னான்: "திங்கக்கெழமையிலேர்ந்துதான் லீவு குடுக்கிறாங்கக்கா. செவ்வாய்க்கெழமை அங்க இருப்பேன். பெட்டியில வெக்கலாமா?"

"வேணாம்டா. எத்தனை தடவ சொல்லியிருக்காரு, குளிர்ல நின்னது போதும், ஐஸ் பெட்டியில மட்டும் போட்டுறாதன்னு."

"சரி. நாளைக்கு எனக்குக் காலை வண்டி. ஓட்டும்போது போன் ஆஃப்ல இருக்கும். பதினொரு மணிக்கு எறங்கிருவேன். அப்பா கடிகாரத்துல பதினொண்ணு அடிச்சதும் கூப்பிடு. மொகத்தைக் காட்டுனா போதும்க்கா. ஒரே ஒரு தடவ."

பதினொன்று அடித்தது.

நிர்மலா வீடியோ காலைப் போட்டாள். 'அழைக்கிறது' என்று மட்டும் காட்டியது. மணி போகவில்லை.

மறுபடி போட்டாள். மறுபடியும்.

"எறங்க நேரமாயிருக்கும்," என்றாள், யாரும் கேட்காமலே.

ஐந்தாவது தடவையும் எடுக்காதபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அன்னக்கிளி அத்தை மூக்கைச் சிந்தினாள். அப்பாவின் கடைசித் தங்கை. "பெத்த அப்பன் மொகத்தைப் பாக்க நேரமில்ல அவனுக்கு. ரயிலு ஓட்டுறானாம் ரயிலு. அதை இங்க வரைக்கும் ஓட்டிக்கினு வரச் சொல்லேன்டி, நாலு பேரு பாப்பாங்க."

"சும்மா இரு அத்தை."

"நான் சும்மாதான் இருக்கேன். அம்மா செத்தப்பவும் மூணாம் நாளு பாலுக்குத்தான வந்தான்?"

அது உண்மை. புருஷன் போன பிறகு பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் மருந்து எடுத்துக் கொடுத்தது நிர்மலா. குளிப்பாட்டியது அவள். இருந்தும் சுவரில் பெயர் ஒட்டியிருப்பது கோபிக்குத்தான்.

இடி ஒன்று தூரத்தில் உருண்டது. கலியமூர்த்தி அவளைப் பார்த்தான். சிராஜுதீன் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். எல்லோரும் அவள் வாயிலிருந்து வருவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவன் வர மாட்டான்," என்றாள். "தூக்குங்க."

சிராஜுதீன் கொடியை எடுத்து முக்கோணமாக மடித்தார். விறைப்பாக நின்று ஒரு சலாம் வைத்தார். பறை எழும்பியது.

பெண்கள் தெருமுனை வரைதான் போனார்கள். திரும்பி வந்து வீடு கழுவினார்கள். அத்தை தலை முழுக அடுத்த வீட்டுக்குப் போனாள். நிர்மலா ஈரத் தரையில் காமாட்சி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். விசுப்பலகை காலியாக, ஒரு செவ்வந்தி இதழோடு கிடந்தது.

போன் அடித்தது.

கோபி. திரையில் அவன் முகம் மேலும் கீழும் ஆடியது. சீருடையோடு மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

"அக்கா! டாண்ணு பதினொண்ணு. இப்பதான் வண்டியை வுட்டு எறங்கினேன். காட்டுக்கா. அப்பாவைக் காட்டு."

நிர்மலா சுவரைப் பார்த்தாள். கோபி பன்னிரண்டைக் காட்டியது.

"மணி பன்னெண்டுடா."

"இல்லியே." அவன் போனைத் திருப்பினான். பிளாட்பாரத்தில் தொங்கிய பெரிய கடிகாரம். பதினொன்று. விநாடி முள் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நிர்மலா சுவரிலிருந்த இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னைக்கு இன்னா தேதி?" என்று கேட்டான் கோபி. பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். "அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழம. விடியக்காலம் இங்க ஒரு மணி நேரம் பின்னால வெச்சாங்கக்கா. குளிர்காலத்து மணி."

"ஏன்டா நேத்தே சொல்லல?"

"அவருதானக்கா எனக்குச் சொல்லுவாரு!" அவன் குரல் உடைந்தது. "வருஷா வருஷம் மொத நாளே அங்கேர்ந்து போன் பண்ணிச் சொல்லுவாரு, டேய், மணி மாறுது, வண்டியை வுட்டுறப் போறன்னு. முப்பத்தஞ்சு வருஷமா அவருதான்... நான் எங்க ஞாபகம் வெச்சிருந்தேன்?"

"லைன்லயே இரு," என்றாள்.

கட்டிலில் அப்பாவின் பட்டன் போன் கிடந்தது. பாய்ந்து எடுத்துக் கலியமூர்த்தியின் எண்ணை அழுத்தினாள். நான்கு தடவை மணி போனது. ஐந்து. ஆறு. எடுத்தான். ஆனால் பேசவில்லை. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"யா... யாரு?"

அவன் போனில் 'பெரியப்பா' என்று வந்திருக்கும்.

"நான்தான்டா. நிர்மலா. வெச்சிட்டியா?"

"அய்யோ, அக்கா... ஒரு நிமிஷம் உசுரே போயிருச்சு. வெச்சாச்சுக்கா. இப்பதான். அஞ்சு நிமிஷம் இருக்கும். ஏன்க்கா? இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

போனை வைத்தாள். கோபியிடம் திரும்பச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. அவன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டிருந்தான். பின்னால் யாரோ பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பரவால்லக்கா," என்றான்.

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, "மெடல் குத்தினியா?"

"குத்துனேன். சிராஜுதீன் மாமா குத்துனாரு. நீலக் கோடு முன்ன."

"கோட்டு பத்துச்சா?"

"பெருசா இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். "கலியமூர்த்திதான் அவசரப்படுத்தினானா?"

கேள்வி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுடா," என்றாள் நிர்மலா.

"வந்துச்சா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வடக்கே கூடியிருந்த இருட்டு கலைந்து, தெருவில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் அவசரமாக எடுத்த துணியைத் திரும்பவும் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ம்," என்றாள். "தூறுது."

"அந்த நாற்காலியைக் கொஞ்சம் காட்டுக்கா."

காட்டினாள். பிரம்பு நாற்காலி. கைப்பிடியில் அவர் உள்ளங்கை தேய்த்து மழுங்கிய இடம். கோபி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு யாரோ அவனைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள். பதில் சொல்லிவிட்டு, "வண்டியைத் திருப்பணும். செவ்வாய்க்கெழமை வரேன்," என்றான். திரை இருண்டது.

வீட்டில் சத்தம் இல்லை. இரண்டு கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று இடைவெளியில் அடித்துக்கொண்டிருந்தன.

இந்த ஞாயிற்றுக்கிழமையில் அப்பா என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியும். முள்ளைப் பின்னால் தள்ள மாட்டார். ஸ்பிரிங் போய்விடும் என்பார். காலைக் காபி ஆனதும் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்திவிட்டு, கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரம். பேப்பர் படிக்க மாட்டார். டிவி போட விட மாட்டார். "அந்த ஒரு மணி நேரம் இவரு எந்த ஊர்லயும் இருக்க மாட்டாருடி," என்று அம்மா சமையலறையிலிருந்து கிண்டல் செய்வாள். நேரம் ஆனதும் எழுந்து பெண்டுலத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோபிக்குப் போன் போடுவார்.

நிர்மலா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். முதல் தடவையாக. உள்ளே எண்ணெய் வாசனை. ஊசி குத்திய விரலாலும் கட்டை விரலாலும் பெண்டுலத்தைப் பிடித்தாள். ஒரு துடிப்பு துடித்து, நின்றது.

இறங்கி, 'வீடு' கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். மூன்று ஐம்பது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் கால் கழுவும் சத்தம் கேட்டது. கலியமூர்த்தி உள்ளே வந்து விளக்கைக் கும்பிட்டான். அவளைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"இன்னாக்கா, கடிகாரம் நின்னுபோச்சா?"

"இல்ல."

அவன் புரியாமல் நின்றான்.

"உக்காரு," என்றாள் நிர்மலா. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."