அடுத்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை. பரவை காய்கறி மார்க்கெட்டில் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு முத்துப்பாண்டி சாப்பிட வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில், அவர் தட்டு வைக்கும் இடத்தில் ஒரு காமிக்ஸ் புத்தகம் விரிந்து கிடந்தது. எட்டாவது படிக்கும் மகள் பவதாரிணி பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்து வந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு படம்: தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் சிறுமி, அவள் தோளில் கை போட்டு நிற்கும் வாத்தியார்.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "பொம்பளப் பிள்ளைக படிக்கிற எடத்துல இந்தக் கருமத்தையா குடுக்குறாய்ங்க?"

பவதாரிணி அடுப்படி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அதுக்கு அடுத்த பக்கம்..."

"வாய மூடு! பொம்மப் புஸ்தகம் படிச்சுத்தான் மார்க்கு அம்புட்டும் போச்சு."

படத்தைப் போனில் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பலர் அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டதுகூட இல்லை.

நூலக ஆசிரியை பிலோமினாள் அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியோடு வெளியே ஓடிவந்தார். "அண்ணே, தப்பா நடக்குற வாத்தியாரப் பத்தி ஒரு பிள்ளை தைரியமா வீட்டுல சொல்ற கதைண்ணே இது. முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க."

"படிக்க வேற செய்யணுமாக்கும்? பாத்தாலே தெரியுதே லட்சணம்!" என்றார் முத்துப்பாண்டி. கூட்டம் கைதட்டியது.

தலைமையாசிரியை பயந்துபோனார். அந்த ஒன்றை மட்டுமல்ல, காட்டு விலங்குகள், விண்வெளி என்று இருந்த எல்லாப் படக்கதைகளையும் மூட்டையாகக் கட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவை எரிந்தன. பிலோமினாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முத்துப்பாண்டியின் போனுக்கு வாழ்த்துகள் வந்து குவிந்தன.

அன்றிலிருந்து பவதாரிணி சரியாகச் சாப்பிடவில்லை. டியூஷனுக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். டியூஷன் மாஸ்டரோ ஊரே வணக்கம் வைக்கும் மனிதர். முத்துப்பாண்டி மகளைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கினார்.

"காமிக்ஸ் படிச்சுக் கெட்டுப்போச்சு சார். நீங்கதான் கண்டிச்சு வழிக்குக் கொண்டாரணும்."

"கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மாஸ்டர் சிரித்தார். பவதாரிணி திரும்பித் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வண்டி போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த பிலோமினாள், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தேனி பஸ்ஸின் ஜன்னலோரம் பவதாரிணியைப் பார்த்தார். பள்ளிச் சீருடை, மடியில் புத்தகப் பை. பதறி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கம்மா போற?"

"தெரியல டீச்சர். வீட்டுக்குப் போனா டியூஷனுக்கு அனுப்பிருவாங்க."

பிலோமினாளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பவதாரிணியே பேசினாள்.

"அந்தப் பக்கத்த நான்தான் டீச்சர் விரிச்சு வச்சேன். எனக்கு வாயால சொல்ல வரல. அப்பா படிச்சா புரிஞ்சுக்கிருவாருன்னு நெனச்சேன்."

பிலோமினாள் அவளை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுப் போன் செய்ததும் முத்துப்பாண்டி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர் பஸ் ஸ்டாண்டின் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்தா, அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேப்பா. நீங்கதான் போட்டோ எடுத்தீங்க."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். மாஸ்டரைக் கைது செய்தார்கள். ஆனால் பவதாரிணி ஸ்டேஷனில் இருந்த நேரமெல்லாம் பிலோமினாளின் கையைத்தான் பிடித்திருந்தாள். அப்பா பக்கத்தில் வந்தபோது விலகி உட்கார்ந்தாள்.

சில நாள் கழித்து முத்துப்பாண்டி தலைமையாசிரியையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். "அந்த டீச்சரத் திரும்பக் கூப்பிடுங்கம்மா. எரிச்ச புஸ்தகம் எல்லாத்தையும் வாங்கி வைங்க."

"மறுபடி யாராச்சும் ஒரு படத்தக் காட்டிச் சண்டைக்கு வந்தா நான் என்ன செய்வேன்?"

"அன்னைக்கு நானும் வாரேன்" என்றார் முத்துப்பாண்டி. "படம் போட்ட புஸ்தகம்னாலே பிள்ளைகளக் கெடுக்கும்னு நெனச்சேன். முழுசாப் படிக்காம ஒரு புஸ்தகத்த எரிக்கிறவன், அதுக்குள்ள இருந்து பேசுற பிள்ளையோட குரலையும் சேத்துத்தான் எரிக்கிறான். வாரவங்ககிட்ட அதை நானே சொல்றேன்."