அரக்கு வைத்த பெட்டி

நீதிமன்றத்தில் சாட்சிப் பொருள் அறை என் பொறுப்பு. கத்தியோ, கைப்பேசியோ, கறை படிந்த சட்டையோ, எது வந்தாலும் கட்டி, திறப்பு இருக்கும் இடமெல்லாம் அரக்கு வைத்துவிடுவேன். "வாயைத் திறந்து தூங்குனா அதுக்கும் சீல் வெச்சிருவீங்க" என்பாள் என் மனைவி.

அன்று வந்தது ஒரு தேவாங்கு. வேறு நாட்டிலிருந்து கடத்திவந்தவனிடம் விமான நிலையத்தில் பிடித்தது. "ஜட்ஜ் ஐயா உட்கார்ந்துட்டார், சீக்கிரம்" என்று டவாலி விரட்டினான். மரப்பெட்டியை மூடி, பழகிய கையால் அரக்கை ஊற்றி, முத்திரை குத்தித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அரசு வக்கீலம்மா எழுந்தார். நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தப்படி அதை அதன் நாட்டுக்கே அனுப்ப வேண்டும், உயிர்களைக் காப்பது நம் அரசியல் சட்டம் சொல்லும் கடமை என்றார். கடத்தியவனின் வக்கீல் சிரித்தார்.

"உயிராவது, மயிராவது! மன்னிக்கணும் ஐயா. அது சாட்சிப் பொருள் பதினாலு. கேஸ் முடியற வரைக்கும் அலமாரியிலதான் இருக்கணும். சீல் கலைஞ்சா கேஸும் கலைஞ்சுது."

பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு மூச்சு ஓட்டைகள். நான்கிலும் என் அரக்கு.

கேட்காமல் நான் வாய் திறக்கக் கூடாது. வக்கீல் நிறுத்துவதாக இல்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உத்தரவில்லாமல் உடைத்தால் இருபத்திரண்டு வருட வேலைக்கு வேட்டு.

சாவியால் குத்தினேன். அரக்கு தெறித்தது.

"ஐயா, சீலை உடைக்கிறாரு!" என்று வக்கீல் கத்தினார்.

மூடியையும் பெயர்த்தேன். சுருண்டு கிடந்தது. கையில் அகப்பட்ட வழக்குக் கட்டால் விசிறினேன், விசிறிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு சின்னக் கை என் விரலைப் பற்றியது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

நீதிபதி எழுந்து எட்டிப் பார்த்தார். "என்ன வக்கீல் சார், உங்க பொருள் மூச்சு விடுதே?"

நடந்ததைக் குறித்துக்கொண்டு, தேவாங்கை அதன் நாட்டுக்கு அனுப்ப அன்றே உத்தரவிட்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. சீலை ஏன் உடைத்தீர் என்று கேட்டிருந்தார்கள். ஓட்டைகளை அடைத்தது யார் என்று ஒரு வரிகூட இல்லை.

"தேவாங்கு மாதிரி முழிச்சுட்டு இருக்காதீங்க, பதில் எழுதுங்க" என்றாள் மனைவி.

முதல் வரியாக, அடைத்தது நான் என்று எழுதினேன்.