பாகலடிக் குடம்

மொன்றியல் என்றால் எல்லாரும் பனியைப் பற்றித்தான் கதைப்பார்கள். இந்த ஊர் வெயிலைப் பற்றி ஒருவராவது வாய் திறக்கிறார்களா? போன ஆடியில் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்வளவு அப்பளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. ஓஸ் பைப்பால் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காது. மேலால் ஓடி, வேலிக்கரை தாண்டி, பக்கத்து வீட்டு ஸொஹ்ராவின் புதினாவுக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் புதினா ஏற்கெனவே வேலிக்குக் கீழால் என் பக்கம் வந்து சட்டம் பேசுகிற புதினா. எனக்குக் கொதி வராமல் என்ன செய்யும்?

தோட்டம் என்னுடையது இல்லை, என் கணவர் சிவராசாவுடையது. கத்தரி, மிளகாய், பயித்தை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்தலில் ஒரு பாகல். அந்தப் பாகலை மே மாதம் நட்டுவிட்டு, பிள்ளைக்குப் போர்த்துவது போல ஒவ்வொரு இரவும் துணி போட்டு மூடின மனிதர், ஆடி பிறக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றுவிட்டார்கள்.

ஊரில் சண்டைக் காலத்தில் ஷெல்லடிக்குள் சைக்கிள் ஓடின ஆள். இதைக் கேட்டதும் கட்டிலில் சுருண்டு போனார்.

"இஞ்சரும் ராணி," என்றார். "அந்தப் பாகல் காய்ச்சுதெண்டால் நான் தப்பி வருவன். கருகிப் போச்சுதெண்டால்…"

"வாயைக் கழுவுங்கோ! பாகற்காயோ உங்களுக்கு ஒப்பரேஷன் செய்யப்போகுது?"

பேசிவிட்டேனே தவிர, அந்தச் சொல் என் வயிற்றுக்குள் போய்க் குந்திவிட்டது. பிறகு தோட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய முகம்தான் தெரிந்தது.

விடிய பஸ், பிறகு மெற்றோ, பகல் முழுக்க அவருடைய கட்டில் கரை. பின்னேரம் வரும்போது கால் கை கழன்று விழும். அந்தக் களைப்போடு ஓஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலே ஈரம், நகத்தால் கிண்டிப் பார்த்தால் உள்ளே புழுதி. பாகல் இலைகள் நனைந்த துணி போலத் தொங்கின. அவரோ ஒவ்வொரு நாளும் படம் கேட்பார். என்ன செய்ய? ஆனி மாதத்துப் படங்களை எடுத்துக் காட்டினேன்.

மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "உந்தப் பூவிலை இருக்கிற தேனி முந்தநாளும் உதிலைதானே இருந்தது?"

"அது உங்களைப் போலத்தான். இருந்த இடத்தை விட்டு அசையாது," என்றேன். சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். ஒரு பின்னேரம் வந்து பார்க்கிறேன், தொங்கின இலையெல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. முதல் நாள் நான் தண்ணீர் விடவே இல்லை, சோபாவில் விழுந்தபடி நித்திரையாகிவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். மேல் மண் ஓடு போலக் காய்ந்து கிடக்கிறது, கொடியோ மழையில் நனைந்தது மாதிரிக் குளிர்ந்து நிற்கிறது. புதுத் தளிர் பந்தலைச் சுற்றிப் பிடிக்கிறது. கொஞ்ச நாளில் மஞ்சள் பூவுக்குப் பின்னால் விரல் அளவில் ஒரு பிஞ்சு! ஊர் முழுக்கப் புல்லே கருகிப்போன அந்த வெயிலில், தண்ணீர் விடாத கொடியில் பிஞ்சு. பந்தலுக்குக் கீழே நின்று கை எடுத்துக் கும்பிட்டேன். முருகா, நீ இருக்கிறாயடா என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பின்னேரம், பிஞ்சைப் படம் எடுக்கப் போனேன். காய்ந்த புல்லுக்குள் காலில் ஒரு தட்டைக் கல் தட்டுப்பட்டது. அது எங்கள் கல் இல்லை. தூக்கினேன். கல்லுக்குக் கீழே, மண்ணுக்குள் புதைத்த சிவப்புக் குடம் ஒன்றின் முதுகு. நடுவில் ஓட்டை.

இரண்டடி பின்னால் போனேன். எங்கள் சனத்துக்கு ஓட்டை விழுந்த மண்குடம் என்றால் ஒன்றே ஒன்றுதான். சுடலையில் தோளில் குடத்தோடு பிணத்தைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் நிற்கிறவர் கத்தியால் கொத்த, ஓட்டையால் தண்ணீர் பாயும். பிறகு குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார்கள். அந்தக் குடத்தை யாரோ கொண்டுவந்து, நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போகிற மனிதரின் பாகலடியில் புதைத்திருக்கிறார்கள்!

என் சிநேகிதி கிளிக்குப் போன் அடித்தேன். "ஐயையோ, உது செய்வினை! கையாலை தொடாதை!" என்று கத்தினாள். "நீ தேசிக்காயை வெட்டு. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறன்."

எலுமிச்சை வெட்டிக் கழிக்க எனக்குப் பொறுமை இல்லை. மண்வெட்டியை எடுத்தேன். என்ரை மனுசனுக்கோ வைச்சனியள், நாசமாய்ப் போவியள் என்று திட்டித் திட்டிக் கொத்தினேன். சுற்றிவர மண்ணைத் தோண்டி, குடத்தின் இடுப்பில் கையைக் கொடுத்து இழுத்தேன். வரவில்லை. ஏதோ உள்ளே இருந்து பிடித்துக்கொண்டு நின்றது. முழங்காலில் இருந்து குனிந்து பார்த்தேன்.

வேர்கள். தலைமயிரை விட மெல்லிய வெள்ளை வேர்கள், ஒன்றோடு ஒன்று பின்னி, குடத்தை முழுக்கச் சுற்றிக் கட்டிப் பிடித்திருந்தன. பாகல் எங்கே நிற்கிறது, குடம் எங்கே கிடக்கிறது! இந்த வேர்கள் இருட்டுக்குள் வழி விசாரித்து வந்து, கண் இல்லாமல் கண்டுபிடித்திருக்கின்றன. விரலை வைத்துப் பார்த்தேன். குடத்தின் தோல் குளிர்ந்து, மெல்லியதாக வியர்த்திருந்தது. உள்ளே பாதிக்குத் தண்ணீர் தளம்பியது. ஒரு சொட்டும் வீணாக ஓடவில்லை. என் வாயில் இருந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது. கோயில் கருவறையில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது.

"மடாம்! தூஸ்மான், தூஸ்மான்!" மெதுவாக, மெதுவாக என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஸொஹ்ரா ஓடி வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

அவளுடைய பிரெஞ்சும் என் பிரெஞ்சும் இரண்டும் நொண்டி. ஆனாலும் விளங்கியது. அவள் துனிசியாவில் பாலைவனக் கரை ஊர்க்காரி. மழை அங்கே எப்போதாவது வருகிற விருந்தாளி. அதனால் தண்ணீரை மேலே ஊற்றி வெயிலுக்குக் கொடுக்கமாட்டார்களாம், குடத்தில் வைத்து வேருக்குக் கொடுப்பார்களாம். மண் ஈரமாக இருந்தால் குடம் சும்மா இருக்கும். மண் காய்ந்தால் அதுவாகக் கசியும். இங்கே குடம் கிடைக்காததால் இரண்டு மண் பூச்சாடிகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியிருக்கிறாள். அடி ஓட்டையை அடைத்து, மேல் ஓட்டையைத் தண்ணீர் ஊற்ற விட்டிருக்கிறாள். இவரை அம்புலன்ஸில் ஏற்றினதை அவள் கண்டவள். ஒவ்வொரு காலையும் நான் பஸ்ஸுக்குப் போன பிறகு, தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் எடுத்து வந்து நிரப்பியிருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

ஸொஹ்ரா தயங்கி, புருவங்களைச் சுருக்கிக் காட்டினாள். மடாம் எப்போது பார்த்தாலும் கோபமாம், கேட்கப் பயமாக இருந்ததாம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் கொத்தி அறுத்த வேர்களைக் காட்டினேன். அவள் தோளைக் குலுக்கினாள். வேறு வேர் தேடி வரும் என்றாள். மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாக மண்ணை அணைத்தோம்.

மறுநாள் காலை இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், பழைய படம் காட்டினதையும்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நல்ல காலம், உடைக்கேல்லை," என்றார். பிறகு அந்த வேர்ப் படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ராணி," என்றார் கடைசியில், "இது டொக்டர் காட்டின படமெல்லோ."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். உருண்டையான சிவப்பு இதயம், அதைச் சுற்றிப் பின்னிப் பிடித்த இரத்த நரம்புகள். அப்படியே இருந்தது.

"அறுந்த வேர் என்ன செய்யும்?"

"வேறை வேர் வந்து பிடிக்குமாம்."

"எனக்கும் காலிலையிருந்து ஒரு நரம்பு எடுத்துத்தான் வைக்கப் போகினம்," என்றார். ஒப்பரேஷனுக்குக் கட்டிலைத் தள்ள வந்தபோது, அவராகவே என் கையை விட்டார்.

அடுத்த நாள் தொண்டைக் குழாயைக் கழற்றினார்கள். உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"குடத்துக்குத் தண்ணி விட்டனீரோ?"

"நான் விடேல்லை. ஸொஹ்ரா விட்டவ. இஞ்சை பாருங்கோ, காலமை அவ அனுப்பின படம்."

பிஞ்சு நீண்டு அரைச் சாண் காயாகித் தொங்கியது. அரைக் கண்ணால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தேனி எங்கை?"

"அது எழும்பிப் போட்டுது," என்றேன். "நீங்களும் எழும்புங்கோ."