மேல்வீட்டுக்காரரின் பிரஷர்

அத்தைக்கு மனநோய் இருப்பது அத்தைக்கே தெரியும். அதற்கான மாத்திரையை ராத்திரி தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். பிரஷர் மாத்திரையை மட்டும் தொடமாட்டாள். அந்த பிரஷர் அவளுடையது இல்லையாம், மேல்வீட்டு லாரி டிரைவருடையதாம். அவர் போனில் கத்தும்போதெல்லாம் அது கூரை வழியாக இறங்கி அவள் கையில் உட்கார்ந்துகொள்கிறதாம்.

இப்படியே விட்டால் ஒரு நாள் பக்கவாதம் வந்து படுத்துவிடுவாள் என்று அப்பாவிடம் டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பா முதலில் கெஞ்சினார், பிறகு தங்கை என்றும் பார்க்காமல் திட்டினார், பிறகு வேலைக்குப் போய்விட்டார். பகலில் வீட்டில் இருப்பது நான்தான். அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி, பிரஷர் பார்க்கும் மெஷினை அழுத்துவேன். எண் எப்போதும் உச்சத்தில் நிற்கும். அத்தையோ எட்டிப் பார்த்து, பாவம் அந்தத் தம்பி என்பாள்.

ஒரு நாள் என் வாயில் தானாக வந்துவிட்டது.

"அவருக்குத்தான் மாத்திரை போட நேரமே இல்லையே அத்தை. அவருக்காக நீ போட்டுக்கோயேன்."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு மாத்திரைக்கு வாயைத் திறந்தாள்.

செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. எப்படியோ உள்ளே போனால் சரி என்றார் அப்பா. எண் மெல்ல மெல்ல இறங்கியது. எனக்கு நிம்மதி வந்த அன்றைக்கே அத்தை மாத்திரையைத் தள்ளி வைத்தாள். தம்பிக்குத்தான் குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்றாள்.

அவள் கேட்டதில் குற்றமே இல்லை. பிரஷர் உன்னுடையது என்று இப்போது சொன்னால், இனி நான் எது கொடுத்தாலும் நம்பமாட்டாள். சொல்லாவிட்டால் எண் பழையபடி ஏறும்.

வெளியாள் யாரிடமும் நான் பேசுவதில்லை. அன்றைக்கு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். முன்னும் பின்னுமாக உளறியதை டிரைவர் கேட்டார். முதலில் சிரித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கீழே வந்து, அத்தையின் முன்னால் கையை நீட்டினார். அத்தையே பட்டையைச் சுற்றினாள்.

எண் சரியாக இருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. குணமாகிவிட்டது பார்த்தாயா என்பதுபோல அத்தை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

டிரைவர் மெஷினை எட்டிப் பார்த்தார். "நீங்க மாத்திரை போடறதாலதான்கா இது இறங்கியிருக்கு. நிறுத்தினா திரும்ப ஏறிடும். நான் வண்டி ஓட்டறவன், வழியில ஏதாவது ஆயிட்டா?"

டாக்டர் அத்தையைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அப்படியானால் இதில் எது பொய் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அத்தை மாத்திரையை எடுத்து வெறும் வாயில் விழுங்கினாள். தண்ணீர் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"தண்ணிய நீ குடி தம்பி. எல்லாத்தையும் நானே செய்ய முடியுமா?"

அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

வாசல் வரை கூடப் போனேன். படியில் கால் வைத்தவர் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"பாப்பா, எனக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லல்ல?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் தோளுக்குப் பின்னால் அத்தை வந்து நின்றிருந்தாள்.

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் தன் கையைத் தடவிக்கொண்டே மாடிக்கு ஏறிப் போனார்.