சாட்சி நேரம்

சனிக்கிழமை பதினொரு மணிக்குள் மூன்று காபி குடித்துவிட்டேன். ஒன்றும் ருசிக்கவில்லை. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், உதயகுமார் பிரதரின் சட்டைத் தையல் கம்பெனியில், அவர் அறைக்கு வெளியே என்னை உட்கார வைத்திருந்தார்கள். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், ஜன்னல் வரை போனேன், திரும்பி வந்தேன். உள்ளே ஒரு ராஜினாமாக் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது. காலர் தைக்கும் பஞ்சவர்ணத்தின் ராஜினாமா. அது அவளுக்கே இன்னும் தெரியாது.

என் பெயர் ஜீவிதா. கம்பெனிகளுக்கு நிர்வாக ஆலோசனை சொல்வது தொழில். இந்த ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை என்பதால், ‘விசுவாச அடிப்படையிலான நிர்வாகம்’ என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டேன். நேர்மை, மன்னிப்பு, பணிவு என்று சபையில் பேசுவதை வேலையிடத்தில் நடத்திக் காட்டுவேன் என்பது என் வாக்கு. உதயகுமார் எங்கள் சபை மூப்பர். ஒரு ஞாயிறு நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “சிஸ்டர், நம்ம கம்பெனியைக் கர்த்தருடைய கம்பெனியா மாத்திக் கொடுங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாற்றினேன். தினமும் வேலைக்கு முன் ஐந்து நிமிட ஜெபம். தைக்கிறவர்களில் பாதிக்கு மேல் ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் பேசும் இந்துப் பெண்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. முடிவில் ‘ஆமென்’ சொல்லக்கூடப் பழகிக்கொண்டார்கள். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனதை இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை முதல்முறையாகச் ‘சாட்சி நேரம்’ வைத்தேன். அங்கேதான் வினை.

சாட்சி என்றால் எங்களுக்கு, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது. காய்ச்சல் விட்டது, மகனுக்குக் காலேஜில் சீட் கிடைத்தது, இப்படி. பிறந்ததிலிருந்து அந்த அர்த்தத்தில் ஊறியவள் நான். மற்ற ஜனங்களுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு, சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் முரளிதரன் அன்று முன்வரிசையில். நம் கம்பெனியின் நல்ல பண்புகளை அவருக்குக் காட்ட வேண்டுமென்று பிரதருக்கு ஆசை.

“பயப்படாம சாட்சி சொல்லுங்க. சொன்னதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு” என்று மைக்கில் சொன்னேன். இரண்டு பேர் பிரதருக்கு நன்றி சொன்னார்கள். பிறகு பஞ்சவர்ணம் எழுந்தாள்.

“ஏனுங் மேடம், சாட்சின்னா கண்ணுல பார்த்ததைச் சொல்லோணுமுங்களா?”

“ஆமா, அதேதான்.”

“அப்பச் சொல்றேனுங்க. தீப்பிடிச்சா ஓடறதுக்குப் பின்னால ஒரு கதவு இருக்குதுங்களே, அதைத் தினமும் ஒம்பது மணிக்கு வெளியில பூட்டிப்போடறாங்க. நாங்க சொல்லாம வீட்டுக்குப் போயிருவோம்னு. இன்னைக்காட்டம் பார்வைக்கு ஆளு வந்தா மட்டும் தொறந்து வெக்கறாங்க. நான் பார்த்தனுங்க. கோர்ட்டுல கேட்டாலும் இதத்தானுங்க சொல்லுவேன்.”

கை தட்டத் தயாராக இருந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள். முரளிதரன் எழுதிக்கொண்டார். விளக்கம் வரும்வரை ஆர்டர் நிறுத்தம் என்று வெள்ளிக்கிழமை மெயில் வந்தது.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். அந்தப் பூட்டை, இந்தக் கம்பெனிக்கு வந்த இரண்டாவது வாரமே நானும் பார்த்தேன். கேட்டதற்கு, “டெம்பரரி சிஸ்டர்” என்றார் பிரதர். என் அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கத்தில், ‘வெளியேறும் வழிகளில் மேம்பாட்டுக்கு வாய்ப்புள்ளது’ என்று எழுதினேன். யார் மனமும் நோகாமல் எழுதிவிட்டேன் என்று பெருமை வேறு. உள்ளே இருநூறு பெண்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம்.

“சொந்த விருப்பத்துல போறதா எழுதியிருக்கு. கீழ சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்” என்றார் பிரதர். “அப்புறம், அந்தம்மா புரியாம உளறிடுச்சுன்னு முரளிதரனுக்கு ஒரு மெயில். அவ்ளோதான்.”

“கதவு பூட்டித்தானே இருந்தது, பிரதர்?”

“திங்கள்ல இருந்து தொறந்து வெப்போம், ஆயித்தா, சரியா? சும்னே தலையக் கெடுத்துக்காதீங்க. நான் அவங்கள மன்னிச்சுட்டேன் சிஸ்டர். மன்னிச்சுட்டுத்தான் அனுப்பறேன்.”

மன்னிப்பு பற்றி அவருக்கு இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தவள் நான்தான்.

பஞ்சவர்ணம் வந்தாள். புடவையெல்லாம் நூல் துணுக்கு. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. “மொதல்ல ஜெபிச்சுக்கலாம்” என்று பிரதர் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, இந்தச் சகோதரியைச் சமாதானத்தோடு அனுப்பும். இதைவிட நல்ல இடத்தில் இவளுக்கு வாசலைத் திறந்தருளும்.”

“ஆமென்” என்று பஞ்சவர்ணம் மட்டும் கைகூப்பி, கணீரென்று சொன்னாள். சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

“எங்கீங்க போடோணும்? மேடம் இருக்கறப்ப எனக்கென்னங்க.”

பேனா பிடித்த கையைத் தடுத்தேன்.

“போடாதீங்க பஞ்சவர்ணம். நீங்களா வேலையை விட்டுப் போறீங்கன்னு இதுல எழுதியிருக்கு. இப்ப ஆமென் சொன்னீங்களே, அது இதுக்குத்தான்.”

“சிஸ்டர்!” என்று அதட்டினார் பிரதர்.

அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைக் கேட்டாள்.

“நான் பொய் சொன்னனுங்களா?”

“இல்லை.”

“அப்ப அந்த ஆமெனை வாபஸ் வாங்கிக்கறேனுங்க.” பேனாவை மூடி மேசையில் வைத்தாள். “அம்பது காலர் பாக்கி கெடக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

பிரதர் முகம் சிவந்துவிட்டது. “திங்கட்கிழமை சூப்பர்வைசரை வெச்சு இந்தக் கையெழுத்தை வாங்க எனக்குத் தெரியாதா? தையக்காரி பேச்சை எவன் நம்புவான்? முரளிதரன் நம்பறது உங்க வார்த்தையத்தான். யோசிச்சுச் சொல்லுங்க.”

அதில் பொய்யில்லை. என் வார்த்தையைத்தான் நம்புவார்கள். அதற்குத்தானே அந்தக் கார்டு, அந்த வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எல்லாம். அவர் எதிரிலேயே முரளிதரனுக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்க மேடம். உங்க விளக்கத்துக்குத்தான் வெயிட் பண்றேன். அந்தம்மா சொன்னது நிஜமா?”

“நிஜம்” என்றேன். “எனக்கு நாலு மாசமாத் தெரியும்.”